மணல் மூடிய துறைகள்: லிக்கியக் கரையில் ஒரு குளச்சல்காரன்

துருக்கிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், இஸ்தான்புல்லின் மசூதிகளையும் கப்படோக்கியாவின் பலூன்களையும் பற்றித்தான் நாகர்கோவிலில் எல்லோரும் விசாரிக்கிறார்கள். அவை இரண்டையும் நான் பார்க்கவில்லை. நான் சுற்றியதெல்லாம் அந்நாட்டின் தென்மேற்கில், ஃபெத்தியே நகரத்துக்கும் அந்தாலியா வளைகுடாவுக்கும் இடையில் மத்தியதரைக் கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் மலைப்பாங்கான தீபகற்பத்தில்தான். அதன் பழைய பெயர் லிக்கியா. சுற்றுலா விளம்பரங்கள் அந்தக் கரையின் நீல நிறத்தைப் பற்றி வேண்டிய அளவு சொல்லிவிட்டன. குளச்சலில் பிறந்து வளர்ந்தவனின் கண்ணுக்கு முதலில் பட்டவை அங்கிருந்த துறைகள். எந்த ஊர் செழித்தது, எது செத்தது, எது இடம் பெயர்ந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் அங்கே விடை துறையில்தான் கிடக்கிறது.

முதலில் நில அமைப்பைச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை சற்றுத் தள்ளி நின்று, நடுவில் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு இடம் விட்டிருக்கிறது. லிக்கியாவில் மலை அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. 3,000 மீட்டரைத் தொடும் டாரஸ் மலைச் சிகரங்களின் அடிவாரம் பெரும்பாலான இடங்களில் நேரே கடலுக்குள் இறங்குகிறது. ஆறுகள் மண் கொண்டுவந்து கொட்டிய சில இடங்களில் மட்டும் சமவெளி உண்டு. இன்று அங்கெல்லாம் தக்காளி விளையும் பசுமைக்குடில்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பிளாஸ்டிக் கூரையாகப் பளபளக்கின்றன. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக நடையைவிடப் படகே சுலபம் என்ற நிலை பல நூற்றாண்டுகள் நீடித்தது. மலைக்காரர்களும் கடற்காரர்களும் ஒருவரேயான கரை அது. யோரூக் எனப்படும் ஆட்டிடையர்கள் குளிர்காலத்தில் கரையிலும் கோடையில் மலைமேல் மேய்ச்சல் நிலங்களிலுமாக வாழ்ந்த பழக்கம் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

கடலும் வேறு. மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு என்று பள்ளியில் படித்திருந்தாலும், கோடையின் தொடக்கத்தில் ஒரு சிறு குடாவில் நின்று பார்த்தபோது, கல்லில் தண்ணீர் தொட்ட கோடு காலையிலும் மாலையிலும் அதே இடத்தில் இருந்ததை நம்ப முடியவில்லை. படமெடுத்து வந்து மாமாவிடம் காட்டினேன். நாற்பது வருடம் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போனவர் அவர். "அலையே இல்லாம என்னத்த கடலு? குளம்லா மக்கா அது" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது கோடைக்கு மட்டும் பொருந்தும். நமக்கு ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைப் புரட்டுகிறது. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதங்களும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலமாகவும் இருக்கிறது. அவர்களுக்கோ குளிர்காலமே பொல்லாத காலம். ரோமானியர் ஆட்சியில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை கடல் 'மூடப்பட்டதாக' கருதப்பட்டது. உயிர்மேல் ஆசை உள்ள மாலுமி எவனும் அப்போது பாய் விரிக்கவில்லை.

இந்தக் கரையின் மக்களைப் பற்றிய பழைய குறிப்புகள் பெருமைக்குரியவை அல்ல. கி.மு. 14ஆம் நூற்றாண்டில், சைப்ரஸ் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதும் அலாஷியா நாட்டின் மன்னன் எகிப்திய மன்னனுக்கு அனுப்பிய களிமண் கடிதம் ஒன்றில், லுக்கா நாட்டார் ஆண்டுதோறும் தன் நாட்டு ஊர்களைப் பிடித்துக்கொள்வதாகப் புலம்புகிறான். லுக்கா என்பவர்கள் லிக்கியரின் முன்னோர்களாகவோ உறவினர்களாகவோ இருக்க வேண்டும். மறைவான குடாக்களும் மேலே ஏறி ஒளிந்துகொள்ள மலையும் உள்ள கரையில் கடற்கொள்ளை ஒரு தொழிலாக இருந்ததில் வியப்பில்லை. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில்கூட, கிழக்குக் கரையின் ஒலிம்போஸ் நகரத்தில் செனிக்கெட்டஸ் என்ற கொள்ளைத் தலைவன் கோட்டை கட்டி ஆண்டிருக்கிறான். ரோமானியப் படை வந்துதான் அவன் கதையை முடித்தது.

ஆனால் அதே மக்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட ஆட்சி முறை, உலகம் இன்றும் பேசும் அளவுக்கு நேர்த்தியானது. 23 நகரங்கள் சேர்ந்த லிக்கியக் கூட்டமைப்பில் பெரிய நகரத்துக்கு மூன்று வாக்குகள், நடுத்தரமானதற்கு இரண்டு, மற்றவற்றுக்கு ஒன்று. வரியும் அதே விகிதத்தில்தான். க்ஸாந்தோஸ், பதாரா, பினாரா, ஒலிம்போஸ், மிரா, த்லோஸ் ஆகிய ஆறும் மூன்று வாக்கு நகரங்கள். பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் மோந்தெஸ்கியூ சிறந்த கூட்டாட்சிக்கு மாதிரி காட்டச் சொன்னால் லிக்கியாவைத்தான் காட்டுவேன் என்று எழுதினார். 1787இல் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து வாதாடிய அலெக்சாண்டர் ஹாமில்டன் அதை எடுத்துக்காட்டினார். இந்தக் கூட்டமைப்பு கூடிய மன்றம் பதாராவில் மணலுக்கடியில் கிடந்து, தோண்டியெடுக்கப்பட்டு, இப்போது புதுக் கல்லும் பழைய கல்லுமாகச் சீரமைக்கப்பட்டிருக்கிறது. புதுக் கல் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். அரைவட்டப் படிகளில் உட்கார்ந்து பார்க்கையில், எந்த வரிசை பழையது என்று தேட வேண்டியிருக்கிறது.

க்ஸாந்தோஸ் நகரத்தின் கதை கனமானது. கி.மு. 540 வாக்கில் பாரசீகத் தளபதி ஹார்பகஸ் முற்றுகையிட்டபோது, தோல்வி உறுதி என்று கண்ட ஆண்கள் தங்கள் மனைவி, மக்கள், உடைமை அனைத்தையும் கோட்டைக்குள் வைத்துத் தீயிட்டுவிட்டு வெளியே வந்து ஒருவர் மிஞ்சாமல் போரிட்டு மடிந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அப்போது ஊரில் இல்லாத எண்பது குடும்பங்கள் மட்டும் தப்பின. அவர்கள் ஆடுகளோடு மலையேறிப் போயிருந்தவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கி.மு. 42இல், சீசரைக் கொன்ற புரூட்டஸ் பணமும் படையும் கேட்டு வந்து முற்றுகையிட்டபோது அதே கொடுமை மீண்டும் நடந்தது. லிக்கியர் ஒருவரை உயிரோடு காப்பாற்றும் வீரனுக்குப் பரிசு என்று புரூட்டஸே அறிவித்தும், மீட்கப்பட்டவர்கள் சொற்பம். இன்று அங்கே நிற்கும் தூண் கல்லறைகளுள் ஒன்றின் சிற்பங்கள் சிமெண்டு வார்ப்புகள்; அசல் லண்டனில் இருக்கிறது. 1840களில் சார்லஸ் ஃபெலோஸ் என்ற ஆங்கிலேயர் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களை வரவழைத்து, நெரெயிட் நினைவுச்சின்னம் உட்பட எடுக்க முடிந்ததையெல்லாம் பெட்டி பெட்டியாக ஏற்றிச் சென்றார். பக்கத்திலிருக்கும் லெதூன் கோயில் வளாகத்தில் 1973இல் கிடைத்த கல்வெட்டு நல்லவேளையாக நாட்டை விட்டுப் போகவில்லை. லிக்கியம், கிரேக்கம், அரமேயம் ஆகிய மூன்று மொழிகளில் ஒரே செய்தியைச் சொல்லும் அந்தக் கல், லிக்கிய மொழியைப் படிப்பதற்குப் பெரிய துணையாக இருந்தது. ஃபெத்தியே அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம். க்ஸாந்தோஸையும் லெதூனையும் சேர்த்து 1988இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இப்போது பதாராவின் துறைக்கு வருகிறேன். ஆறு நகரங்களிலும் முதன்மையான துறைமுகம் அது. ரோமுக்கும் கிழக்குக்கும் இடையே ஓடிய கப்பல்கள் இங்கே நின்றன. பவுலடியார் ஃபெனிசியாவுக்குக் கப்பல் மாறியது பதாராவில்தான் என்று விவிலியம் சொல்கிறது. நீரோ மன்னன் காலத்தில், கி.பி. 64-65 வாக்கில், கடலோடிகளின் பாதுகாப்புக்காக இங்கே ஒரு கலங்கரை விளக்கம் கட்டப்பட்டதை அதன் கல்வெட்டே கூறுகிறது. அக்காலக் கலங்கரை விளக்கங்களில் அடித்தளமும் கல்வெட்டும் இவ்வளவு தெளிவாகக் கிடைத்தவை மிகச் சில. இன்று அந்த இடத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் மணல்மேடுகளைத் தாண்டி நடக்க வேண்டும். க்ஸாந்தோஸ் ஆறு கொண்டுவந்த வண்டலும், காற்று அள்ளிவந்த மணலும் துறையின் வாயை மெல்ல அடைத்தன. கப்பல்கள் நின்ற குடா முதலில் காயலாகி, பிறகு கோரை முளைத்த சதுப்பானது. நான் போனபோது அதற்குள் ஓர் ஆடு நின்று மேய்ந்துகொண்டிருந்தது. கழுத்து மணி கேட்டதே தவிர, கோரைக்கு மேல் காது மட்டும்தான் தெரிந்தது. பழைய தானியக் கிடங்கின் சுவர் சதுப்பின் எதிர்க்கரையில் கூரையில்லாமல் நிற்கிறது.

எங்கள் கரைக்காரர்களுக்கு இது தொல்லியல் மட்டும் அல்ல. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் சேருவதும், அலை மடிந்து விழும் அந்த இடத்தில் படகுகள் கவிழ்வதும், உயிர்கள் போவதும், தூர்வாரச் சொல்லிப் போராட்டம் நடப்பதும் நாங்கள் ஆண்டுதோறும் படிக்கும் செய்தி. பதாராவில் ஒரு பெருநகரத்தை மூடிய வேலையைச் செய்தது படையெடுப்பு அல்ல, தூர்வார ஆளில்லாமற்போன சில நூறு ஆண்டுகள். ஒரு துறைக்கு வேண்டியது கட்டுவதைவிட பராமரிப்பது என்று பொறியாளர்கள் சொன்னால் கேட்காதவர்கள் அந்தக் கோரையைப் போய்ப் பார்க்கலாம். மணலுக்கு ஓர் இலாபமும் உண்டு: சுமார் 18 கிலோமீட்டர் நீளும் அந்தக் கடற்கரையில் பெருந்தலை ஆமைகள் முட்டையிடுகின்றன, அதனால் இரவில் யாரும் அங்கே நடக்க அனுமதி இல்லை, விடுதிகளும் கரையோரம் எழும்பவில்லை.

கிழக்கே மிரா, இன்றைய டெம்ரே. அலெக்சாந்திரியாவிலிருந்து ரோமுக்குக் கோதுமை ஏற்றிச் சென்ற கப்பல்கள் இதன் துறையான அந்திரியாக்கேயில் தங்கின. கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட பவுலை அப்படிப்பட்ட கப்பல் ஒன்றில் ஏற்றியதும் இங்கேதான். ஹேட்ரியன் மன்னன் கட்டிய கோதுமைக் கிடங்கு இப்போது லிக்கிய நாகரிக அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் அருகே, ஊதா நிறச் சாயம் எடுப்பதற்காக உடைத்த கடல் நத்தைகளின் ஓடுகள் குவியல் குவியலாகக் கிடப்பதைக் குனிந்து தொட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு ஓட்டிலும் ஒரே பக்கத்தில் உடைப்பு.

நான்காம் நூற்றாண்டில் இந்த மிராவின் ஆயராக இருந்தவர்தான் பதாராவில் பிறந்த புனித நிக்கோலஸ். கிறிஸ்துமஸ் தாத்தாவாகச் சிவப்புச் சட்டை போட்டு உலகம் கொண்டாடுவது இவரைத்தான் என்றாலும், கடலோரத்தில் அவர் முதன்மையாக மாலுமிகளின் பாதுகாவலர். டெம்ரேயில் அவருடைய ஆலயத்துக்குள் போகத் தெருவிலிருந்து படியிறங்க வேண்டும். ஆற்றின் வண்டல் ஊரையே உயர்த்திவிட்டதால் ஆலயம் பள்ளத்தில் நிற்கிறது. உடைந்த பளிங்குப் பேழை ஒன்றை அவருடையது என்று காட்டுகிறார்கள். எலும்புகள் அதில் இல்லை. 1087இல் இத்தாலியின் பாரி நகரத்து மாலுமிகள் அவற்றை எடுத்துச் சென்று தங்கள் ஊரில் பெரிய ஆலயமே கட்டிவிட்டார்கள். அவருடைய திருநாள் டிசம்பர் 6. கடல் மூடியிருக்கும் மாதத்தில் கடலோடிகளின் புனிதருக்கு விழா வருவது வசதிதான், எல்லோரும் கரையில் இருப்பார்களே. கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் டிசம்பர் 3 முடிந்து மூன்றே நாளில் வரும் இந்தத் திருநாளை எங்கள் ஊர்களில் பெரிதாகக் கவனிப்பதில்லை. சவேரியாரின் உடலும் கோவாவில்தான் இருக்கிறது. திருநாள் கூட்டம் அதனால் ஒன்றும் குறையவில்லை.

மிராவின் மலைச்சுவரில் கல்லறைகள் அடுக்கடுக்காக வெட்டப்பட்டிருக்கின்றன. லிக்கியர்கள் இறந்தவர்களுக்கு வீடு கட்டினார்கள், அதுவும் மரவீடு. பாறையைக் குடைந்து, உருண்டை விட்டங்களின் வெட்டுமுனைகள் வரிசையாகக் கூரைக்கடியில் நீட்டிக்கொண்டிருப்பதாகவும், சட்டங்கள் ஒன்றோடொன்று பொளிவாய் வைத்துப் பூட்டியிருப்பதாகவும், கதவு நிலையில் ஆணித்தலைகள் இருப்பதாகவும் செதுக்கியிருக்கிறார்கள். ஆவுடையார்கோயிலில் மரக்கழிகளையும் ஆணிகளையும் கல்லில் வார்த்த கொடுங்கையைக் கண்டவர்களுக்கு இந்த ஆசாரிகளின் குறும்பு உடனே பிடிபடும். கதவுப் பலகைகளில் ஒன்று மட்டும் அடியில் வெட்டிய காடியில் நகரும் கல். பெரும்பாலும் அதைத்தான் திருடர்கள் உடைத்திருக்கிறார்கள். தனியாக நிற்கும் கற்பேழைகளோ, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தைப் போல வளைந்த மூடியுடன், காஷ் நகரத்தின் கடைத்தெரு நடுவிலேயே நிற்கின்றன. பல கல்லறைகளில் எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறது: வேறு பிணத்தை இதில் வைப்பவர் இன்ன தொகை அபராதம் கட்ட வேண்டும், காட்டிக்கொடுப்பவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. பக்தியை நம்பாமல் காசை நம்பிய அந்த நடைமுறை அறிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பதாராவை மணல் மூடியது என்றால் கேகோவா தீவை நிலமே கைவிட்டது. நிலநடுக்கங்களால் தரை இறங்கி, கரையோர வீடுகள் நீருக்குள் போய்விட்டன. ஊச்சாஸ் என்ற சிற்றூரிலிருந்து படகில் போனால், பாறையில் வெட்டிய படிக்கட்டு ஒன்று மேலிருந்து இறங்கி வந்து, நீர்மட்டத்தில் நிற்காமல் அடியில் இன்னும் ஏழெட்டுப் படிகள் தெளிவாகத் தெரிய இறங்கிப் போவதைக் காணலாம். அங்கே நீந்துவதும் நங்கூரமிடுவதும் தடை. எதிர்க்கரையில் சிமெனா; கோட்டைக்குள் ஏழு வரிசை மட்டும் கொண்ட ஒரு குட்டி அரங்கும், கரைக்குச் சற்றுத் தள்ளி இடுப்பளவு நீரில் நிற்கும் ஒரு கற்பேழையும் உண்டு. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட கதையைப் பேசாத திண்ணை நம் பக்கத்தில் கிடையாது. ஆனால் கடல்கொண்ட ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு, கற்பனை கலக்காத, கையெட்டும் தூரத்துச் சான்று கேகோவாதான். 2004 டிசம்பரில் குளச்சலில் இருந்த எவருக்கும் நீருக்கடியில் சுவரைப் பார்ப்பது வேடிக்கையாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கரைக்காரர்களே எழுதிவைத்தவற்றைவிடப் பழையது கடலடியில் கிடைத்தது. 1982இல் கடற்பஞ்சு எடுக்கக் குதித்த ஒருவர், காது வைத்த உலோகப் பிஸ்கட்டுகளை அடியில் கண்டதாகத் தம் தலைவரிடம் சொன்னார். காஷுக்கு அருகே ஊலுபுருன் முனையில், 45 மீட்டருக்கும் கீழே, கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய கப்பல் அது. 1984 முதல் 1994 வரை கடலடித் தொல்லியலாளர்கள் ஜார்ஜ் பாஸும் ஜெமால் புலாக்கும் நடத்திய அகழாய்வில் 22,000க்கும் மேற்பட்ட முறை இறங்கி ஏறினார்கள். பத்து டன் செம்பு, ஒரு டன் ஈயம்பூசப் பயன்படும் வெள்ளீயம், நீலக் கண்ணாடிக் கட்டிகள், கருங்காலி, யானைத் தந்தம், எகிப்திய அரசி நெஃபெர்த்தீத்தியின் பெயர் பொறித்த பொன் முத்திரை ஆகியவை வெளிவந்தன. செம்பும் வெள்ளீயமும் ஏறக்குறைய பத்துக்கு ஒன்று, வெண்கலம் வார்க்கத் தேவையான அதே விகிதம். இவை இருப்பது லிக்கியாவுக்கு வெளியே, போத்ரும் கோட்டை அருங்காட்சியகத்தில். இதற்காக ஒரு நாள் பயணத்தை நீட்டுவது தகும்.

கிழக்கு ஓரத்தில் ஃபாசெலிஸ். ஒரே முனையில் மூன்று துறைகள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கப்பலுக்கு ஒதுங்க இடம். கி.மு. 334-333 குளிர்காலத்தில் அலெக்சாந்தர் இங்கே தங்கினான். எனக்கு அதைவிடச் சுவையானது ஊர் தோன்றிய கதை. ரோட்ஸ் தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கிலாப்ராஸ் என்ற இடையனிடம் இந்த நிலத்தைக் கருவாட்டுக்கு வாங்கினார்களாம். அதன் நினைவாக ஆண்டுதோறும் அவனுக்குக் கருவாட்டையே படைத்தார்களாம். மலிவான காணிக்கைக்கு 'ஃபாசெலிஸ்காரன் படையல்' என்று பிற கிரேக்கர்கள் கேலி பேசினார்கள். கேலி பேசியவர்களுக்குக் கருவாட்டின் அருமை தெரியாது, அவ்வளவுதான். அருகே சிராலிக்கு மேலே யனர்தாஷ் என்ற மலைச்சரிவில், பாறை வெடிப்புகளிலிருந்து கசியும் இயற்கை வாயு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எரிகிறது. இருட்டிய பிறகு கைவிளக்குடன் ஏறுவது நல்லது.

மக்களைப் பெயர்த்த கதையும் உண்டு. ஃபெத்தியேக்குத் தெற்கே கயாகோய் கிராமத்தில் நூற்றுக்கணக்கான கல்வீடுகள் கூரையின்றி மலைச்சரிவு முழுக்க நிற்கின்றன. 1923 மக்கள் பரிமாற்ற உடன்பாட்டின்படி, மதத்தை மட்டும் அளவுகோலாக வைத்து, துருக்கியிலிருந்த கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், அங்கிருந்த முஸ்லிம்கள் இங்கும் அனுப்பப்பட்டார்கள். வந்தவர்களுக்கு இந்தச் சரிவு ஒத்துவரவில்லை. காஷிலிருந்து பார்த்தால் எதிரே தெரியும் மெயிஸ் தீவு கிரேக்கத்தைச் சேர்ந்தது. துருக்கிக் கரையிலிருந்து மிகக் கிட்டிய இடத்தில் இரண்டு கிலோமீட்டர்தான். கடலுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று ஓடுவதன் பொருளைத் தமிழ்நாட்டு மீனவர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் தாங்காது. மேற்கிலிருந்து வர தலாமான், கிழக்கிலிருந்து வர அந்தாலியா விமான நிலையம். ஊர்களுக்கிடையே தோல்முஷ் என்ற சிற்றுந்துகள் ஓடுகின்றன. நிறைந்தால்தான் கிளம்பும் என்பதால் நமக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. நடப்பவர்களுக்கு 1999இல் குறியிடப்பட்ட, 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட லிக்கிய நடைவழி இருக்கிறது. முழுவதும் நடக்க வேண்டாம், பதாராவுக்கும் காஷுக்கும் இடைப்பட்ட துண்டே போதும். மீனைச் சுட்டு எலுமிச்சை பிழிந்து தருவார்கள். புளியும் தேங்காயும் மிளகாயும் கேட்டு ஏமாற வேண்டாம், மேல்புறம் முறுகச் சுட்ட கணவாய்க்கு அவை தேவையும் இல்லை. மூன்றே நாள்தான் இருக்கிறது என்றால் ஒலூதெனிஸ் கடற்கரையையும் பாராகிளைடிங்கையும் விட்டுவிட்டு, ஒரு நாள் பதாரா, ஒரு நாள் டெம்ரே, ஒரு நாள் ஊச்சாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊச்சாஸில் படகுக்காரர்களிடம் பேரம் பேசலாம். காலையில் முதல் படகுக்கே போய்விட்டால் காற்று எழுவதற்குள் திரும்பிவிடலாம்.